ஓசூர் பக்கம் எஸ்எம்டி மெஷின் விக்கறவங்களுக்கு இனி எப்படி?

வணக்கம் மக்களே. லாரி சத்தம் கொஞ்சம் கேக்கும், பொறுத்துக்கோங்க. சூளகிரி தாண்டி ரோட்டோரமா வண்டிய நிறுத்திட்டுத்தான் பேசறேன். எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிக்கு எஸ்எம்டி மெஷின், அதாவது சர்க்யூட் போர்டு மேல குட்டிக் குட்டி பார்ட்ஸ வச்சு சோல்டர் பண்ற மெஷின், விக்கற வேலைக்கு வரலாமா, நம்ம ஏரியாவுல பிசினஸ் இருக்கான்னு நிறைய தம்பிங்க கேக்கறீங்க. இருக்கு. ஆனா நீங்க நினைக்கற கேட்டுக்குள்ள இல்ல.

பேப்பர்ல வர்ற கணக்கப் பாத்தா தலை சுத்தும். 2024-25ல தமிழ்நாட்டு எலக்ட்ரானிக்ஸ் ஏற்றுமதி 1,400 கோடி டாலரத் தாண்டிருச்சு. 2025 மார்ச்ல மத்திய அரசு உதிரிபாகம் தயாரிக்கறதுக்குன்னே 22,919 கோடி ரூபாய்க்கு ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. அடுத்த மாசமே நம்ம மாநிலமும் அதுக்கு ஜோடியா ஒண்ணு கொண்டுவந்துச்சு. இதக் கேட்டதும் கேட்டலாக்கத் தூக்கிக்கிட்டு நேரா திம்ஜேப்பள்ளி டாடா எலக்ட்ரானிக்ஸ் வாசல்ல போய் நிக்கறவங்கள என்ன சொல்றது? அந்த பிளான்ட் வந்ததே ஐபோனோட வெளிக்கூட்டுக்காக. அலுமினியத்தக் குடைஞ்செடுக்கற வேலை, அதுல சிஎன்சி, அதாவது கம்ப்யூட்டர் சொல்றபடி உலோகத்த வெட்டற மெஷின், விக்கறவனுக்குத்தான் முதல் பந்தி. அதுபோக, அந்த சைஸ் கம்பெனில எந்த மெஷின் உள்ள வரணும்ங்கறது நீங்க டீ குடிச்சுப் பேசற பர்ச்சேஸ் மேனேஜர் கையில இருக்காது.

நமக்கான வேலை அதுக்கு அடுத்த தட்டுல இருக்கு. ஓசூர்ல ஏத்தர், டிவிஎஸ், போச்சம்பள்ளி பக்கம் ஓலான்னு மின்சார வண்டி ஓட ஆரம்பிச்சதும், கன்ட்ரோலர், சார்ஜர், பேட்டரி போர்டுன்னு ஒரு தனி உலகமே வந்திருக்கு. செல்போன் போர்டு மாதிரி இல்ல இது. காப்பர் கனமா இருக்கும், பெரிய கெபாசிட்டர், பெரிய கனெக்டர். சூட்ட அப்படியே குடிக்கும். வழக்கமான ஈயமில்லாத சோல்டர் 217 டிகிரில உருகும்னாலும், போர்டு முழுக்க அந்தச் சூடு ஒரே மாதிரி ஏறணுமே. சோல்டர உருக்கற ஓவன் சின்னதா வச்சுக்கிட்டு மல்லுக்கட்டறவங்க இங்க நிறைய. ஓட்டை வழியா கால் இறங்கற பார்ட்ஸுக்கு, அந்தந்த இடத்துல மட்டும் சோல்டர் போடற செலக்டிவ் சோல்டரிங் மெஷின் வேணும். மழை, தூசி தாங்கணும்னா மேல கோட்டிங் மெஷின் வேணும். அதனால, பார்ட்ஸ எடுத்து போர்டு மேல வைக்கற பிக் அண்ட் பிளேஸ் மெஷின மட்டும் கட்டிப்பிடிச்சுக்கிட்டு இருக்காதீங்க.

ஒரு சின்ன யூனிட்டுக்குள்ள போனா நான் மெஷினப் பாக்கறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பாப்பேன். ஒண்ணு ஃபிரிட்ஜ். போர்டுல பார்ட்ஸ ஒட்டறதுக்குத் தடவற உலோகப் பசை, அதான் சோல்டர் பேஸ்ட் டப்பா, பக்கத்துலயே யாரோட தயிர்சாத டப்பாவோ இருக்கும். எடுத்த உடனே டப்பாவத் திறந்து, ஓட்டை போட்ட தகடான ஸ்டென்சில்ல தேய்ப்பாங்க. சில்லுனு இருக்கறத அப்படியே திறந்தா ஈரம் புடிச்சு, ஓவன்ல குண்டு குண்டா தெறிக்கும். மூணு நாலு மணி நேரம் மூடியத் திறக்காம வெளிய வச்சு எடுக்கணும். ரெண்டாவது, கம்ப்ரஸர்ல இருந்து வர்ற ஏர் லைன். வடிகால் குமிழத் திறந்தா தண்ணி பீச்சியடிக்கும். அந்தத் தண்ணிதான் உள்ள போய் வால்வக் கெடுக்குது, பார்ட்ஸ உறிஞ்சித் தூக்கற நாசில் சரியாத் தூக்காம கீழ போடுது. ஓனர், ‘போன தடவை வந்தவன் மட்டமான மெஷினத் தலைல கட்டிட்டான்’னு பொலம்புவாரு. ஏர் டிரையர் ஒண்ணு போடுங்க சார்னு சொல்லிட்டு வாங்க. அதுல உங்களுக்கு காசு பெருசா வராது. ஆனா அடுத்த மெஷின் லைனுக்கு உங்க நம்பருக்குத்தான் போன் வரும்.

பழைய மெஷின் பத்திச் சொல்லணும். முதல் லைன் போடறவங்க பாதிப்பேர் யூஸ்டு மெஷின்தான் கேக்கறாங்க. அதக் கேவலமா பாக்காதீங்க. பார்ட்ஸ மெஷினுக்கு ஊட்டற ஃபீடர், நாசில், பெல்ட்டு, சர்வீஸ்னு அதுலதான் மாசாமாசம் பணம் சுத்தும். புதுசு வாங்கறவங்ககிட்ட ஈபிசிஜிங்கற மத்திய அரசோட இறக்குமதி வரிச் சலுகை பத்திப் பேசுங்க. வரி கட்டாம மெஷின இறக்கலாம், ஆனா மிச்சமான வரி மாதிரி 6 மடங்குக்கு 6 வருஷத்துல ஏற்றுமதி காட்டணும். உள்ளூருக்கு மட்டும் சப்ளை பண்றவர்கிட்ட இத ஆசை காட்டி விக்காதீங்க, பின்னாடி கட்டாத வரி வட்டியோட வந்து நிக்கும்.

தருமபுரி? சிப்காட் வருது, இடம் இருக்கு, பாலக்கோடு, அரூர்ல இருந்து வேலைக்குப் போற பொண்ணுங்க இருக்காங்க. மெஷின் விக்கற அளவுக்கு இன்னும் சூடு பிடிக்கல. மாசம் ஒரு ரவுண்டு போயிட்டு வந்தா போதும்.

இப்ப கமிஷன். ஆர்டர் வாங்கினதும் பார்ட்டி வைக்காதீங்கடா தம்பிங்களா. மெஷின் வந்து இறங்கி, இன்ஸ்டால் ஆகி, கஸ்டமர் ஏத்துக்கிட்டேன்னு கையெழுத்துப் போட்டப்புறம்தான் பல கம்பெனில கமிஷன் கணக்குலயே ஏறும். அதுவரைக்கும் பெட்ரோல் உங்க காசுன்னு ஆயிடும். சேரும்போதே இன்னொண்ணு எழுதி வாங்குங்க: ஓசூர் யாரோட ஏரியா? நிறைய கம்பெனில அத பெங்களூர் ஆஃபீஸ்ல சேத்துடுவாங்க. நீங்க கிருஷ்ணகிரில இருந்து அலைஞ்சு ஆர்டரப் பழுக்க வைப்பீங்க, பில்லு பெங்களூர்காரர் பேர்ல விழும். ‘தமிழ்நாடு நார்த்’னு வாய்ல சொன்னா ஒத்துக்காதீங்க, 635ல ஆரம்பிக்கற பின்கோடு எல்லாம் எனக்குன்னு ஆஃபர் லெட்டர்லயே போடச் சொல்லுங்க.