தண்ணீரைக் குறைத்தால் சரியாகிவிடுமா?

வணக்கம் நேயர்களே. கர்ப்பப்பையை எடுத்தவர்கள், கர்ப்பப்பை இறங்கியதால் தூக்கித் தைத்துக்கொண்டவர்கள், அடிவயிற்றில் வேறு ஏதாவது ஆபரேஷன் ஆனவர்கள், இவர்களோடுதான், ஆபரேஷனுக்குப் பிறகு சிறுநீர் கசிவதையும் அடிக்கடி முட்டுவதையும் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். ஆண்களே, ரேடியோவைத் திருப்பிவிடாதீர்கள். பிராஸ்டேட் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கும் இதில் பாதி பொருந்தும். மீதிப் பாதி உங்கள் வீட்டில் யாருக்காவது பொருந்தும்.

நான் பிசியோதெரபிஸ்ட். வேலூரிலும் சுற்று ஊர்களிலும் பல வருடமாக இந்தப் பிரச்சினையோடு வருகிறவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தையல் ஆறியிருக்கும், பரிசோதனை முடிந்து வீட்டுக்கும் அனுப்பியிருப்பார்கள். ஆனால் இருமினால் இரண்டு சொட்டு, தும்மினால் நாலு சொட்டு. போய்விட்டு வந்து உட்கார்ந்தால் மறுபடியும் போகவேண்டும் போல இருக்கும். அடிவயிறு ஒரு பக்கம் சுருக்கென்று இழுக்கும். வீட்டில் சொன்னால், "ஆபரேஷன் பண்ண உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

ஏன் இப்படி ஆகிறது? சிறுநீர்ப்பை கர்ப்பப்பைக்கு முன்னால் ஒட்டினாற்போல இருக்கிறது. கர்ப்பப்பையை எடுக்க வேண்டுமானால் சிறுநீர்ப்பையை அதிலிருந்து பிரித்துக் கீழே தள்ளித்தான் ஆக வேண்டும். அந்த இடத்து நரம்புகள் கொஞ்சம் அடிபடும். சிறுநீர் வெளியேற டியூப் வேறு போட்டிருப்பார்கள். அதனால் சில வாரம் தடுமாறுவது சகஜம். வாரங்கள் மாதங்களாகியும் தொடர்ந்தால், அதைச் சகஜம் என்று விடக் கூடாது.

எல்லோரும் தாங்களாகவே கண்டுபிடிக்கிற வைத்தியம் ஒன்று உண்டு. தண்ணீரைக் குறைப்பது! ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளுக்குப் போகிற பெண்களைக் கேளுங்கள். காலையில் ஒரு டம்ளர் காபி, அப்புறம் சாயங்காலம் வீடு திரும்பும்வரை தொண்டையை நனைக்கிற அளவு. "குடிச்சாத்தானே மேடம் போவணும்?" என்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் ஊர் அக்கினி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டுகிறது. குடிக்கிற கொஞ்சமும் வியர்வையில் போய்விட்டால் சிறுநீர் கெட்டிப்பட்டு மஞ்சளாகிறது. கெட்டியான சிறுநீர் பையை உறுத்தும். உறுத்தினால் இன்னும் அடிக்கடி முட்டும், கிருமியும் சுலபமாகத் தங்கும். எதைத் தவிர்க்கத் தண்ணீரைக் குறைத்தார்களோ அதுவே இரட்டிப்பாகத் திரும்பி வருகிறது. சாதாரண நாளில் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர், வெயிலில் அதற்கும் மேல் குடியுங்கள். சிறுநீரகக் கோளாறோ இதயக் கோளாறோ இருந்து டாக்டர் அளவு சொல்லியிருந்தால் மட்டும் அவர் சொன்னபடி. மொத்தமாக ஒரு சொம்பைக் கவிழ்க்காமல் பிரித்துப் பிரித்துக் குடியுங்கள், படுக்கப் போகும் முன் குறைத்துக்கொள்ளுங்கள். குறைக்க வேண்டியது காபியும் டீயும்.

பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு அக்கா வந்தார். பீடி சுற்றுகிறவர். கர்ப்பப்பை எடுத்து ஒரு வருடம் ஆகியிருந்தது, அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து ஓட வேண்டியிருந்தது. மடியில் முறம், அதில் இலை, தூள், நூல். ஒவ்வொரு தடவையும் எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டு எழுந்து போய்வந்தால் ஆயிரம் பீடிக் கணக்கு எப்படி முடியும்? கூலி ஆயிரத்துக்குத்தானே! எந்த நேரத்துக்குக் குடித்தீர்கள், எந்த நேரத்துக்குப் போனீர்கள் என்று மூன்று நாளைக்கு எழுதிக்கொண்டு வாருங்கள் என்றேன். நாங்கள் எல்லோரிடமும் கேட்பதுதான். முக்கால்வாசிப் பேர் எழுத மாட்டார்கள். இவர் தன் பீடிக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டு, குடித்ததற்கு வட்டம், போனதற்குப் புள்ளி, நனைந்துவிட்டால் பெருக்கல் குறி என்று கொண்டுவந்து நீட்டினார். நான் அச்சடித்துக் கொடுக்கிற தாளைவிட அது தெளிவாக இருந்தது.

அதைப் பார்த்ததும் ஒன்று தெரிந்தது. பை நிறைந்து முட்டவில்லை. பெரியவர்களின் சிறுநீர்ப்பை சாதாரணமாக 400 மில்லிவரை தாங்கும். இவருக்குக் கால் டம்ளர் சேர்ந்ததுமே அவசரம். பைக்கு அந்தக் கெட்ட பழக்கம் ஏறிவிட்டது. பழக்கத்தைப் பழக்கத்தால்தான் மாற்ற வேண்டும். முட்டியவுடன் எழாமல் பத்து நிமிடம் தள்ளிப்போடுங்கள், முடிந்தால் அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் என்றேன். "எங்க வீட்ல கடியாரம் ஓடாது மேடம், இருபது பீடி சுத்திட்டு எழுந்துக்கட்டுமா?" என்றார். வேகமாகச் சுற்றுகிற கைக்கு இருபது பீடி கிட்டத்தட்ட பத்து நிமிடம்தான்! அப்படியே செய்தார். இருபது, நாற்பது, அப்புறம் ஐம்பது. சில வாரங்களில் இரண்டு மணி நேரம்வரை உட்கார முடிந்தது. பீடித் தொழிலைப் பற்றி எனக்கு வேறு அபிப்பிராயங்கள் உண்டு, அது இன்றைய பேச்சில்லை.

தள்ளிப்போடும்போது கூடவே இன்னொன்று செய்ய வேண்டும். சபையில் உட்கார்ந்திருக்கும்போது காற்றுப் பிரியாமல் இறுக்குவீர்களே, அந்தத் தசைதான். உள்ளே மேல்நோக்கி இறுக்கி, மனதுக்குள் ஐந்துவரை எண்ணி, விட்டுவிட்டு, ஐந்து எண்ணும்வரை ஓய்வு. ஒரு வேளைக்கு எட்டுப் பத்து தரம், ஒரு நாளைக்கு மூன்று வேளை. மூச்சை அடக்கக் கூடாது, பின்புறத்தையும் தொடையையும் இறுக்கக் கூடாது. சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்திப் பழகுவதை மட்டும் செய்யாதீர்கள். பை முழுசாகக் காலியாகாமல் போகும். அமெரிக்க டாக்டர் ஆர்னால்ட் கீகல் 1948-இல் இந்தப் பயிற்சியைப் பற்றி எழுதினார். செலவில்லாதது என்பதாலோ என்னவோ, நம் ஜனங்களுக்கு இதில் நம்பிக்கை வருவதில்லை. ஒரு வாரம் செய்துவிட்டு, "ஒண்ணும் ஆவல மேடம், மாத்திரை குடுங்க" என்பார்கள். மூன்று மாதமாவது செய்தால்தான் பலன் தெரியும். தும்மல் வரும் முன், குடத்தைத் தூக்கும் முன் ஒரு இறுக்கு இறுக்கிக்கொள்ளுங்கள். குடம் என்றதும் ஞாபகம் வருகிறது. தண்ணீர் லாரி வந்துவிட்டது என்றால் ஆபரேஷனாவது ஒன்றாவது என்று ஓடுகிறீர்கள். முதல் ஆறு வாரம் நிறைகுடம் வேண்டாம், வீட்டு ஆண்கள் தூக்கட்டும்.

பஸ் ஸ்டாண்ட் கழிப்பறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த அசுத்தத்துக்குப் பயந்து பாதி நின்று பாதி உட்கார்ந்து அவசரமாக முடிக்கிறோம். அப்படி நின்றால், இறுக்கிப் பழகச் சொன்னேனே, அந்த அடித்தசை தளராது, சிறுநீர் மிச்சம் நிற்கும். முழுசாக உட்காருங்கள், முடிந்ததும் அரை நிமிடம் பொறுத்து, லேசாக முன்னால் குனிந்து இன்னொரு தரம் முயலுங்கள். அதற்கு உட்காருகிற மாதிரி கழிப்பறை வேண்டுமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, நகராட்சிகளிடம் கேட்க வேண்டிய கேள்வி. ஆனால் பயணத்துக்கு முன்னால் தண்ணீரைக் குறைப்பது அதற்குப் பதிலாகாது. இதை எத்தனை தரம் சொன்னாலும் எனக்குச் சலிக்காது.

அப்புறம் கூச்சம். ஆண் டாக்டரை உள்ளே விடாமல் ஒரே ராத்திரியில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததைப் பார்த்துத்தான், வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியை ஆரம்பித்த ஐடா ஸ்கடர் டாக்டருக்குப் படிக்கப் போனார். பலர் அது வேலூரில் நடந்ததாகச் சொல்வார்கள், நடந்தது திண்டிவனத்தில். படித்துத் திரும்பி 1900-இல் இங்கே வைத்தியம் ஆரம்பித்தார். இன்று ஊர் முழுக்கப் பெண் டாக்டர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் எரிச்சல் என்றால் மெடிக்கலில் இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வருகிறோம். முதலில் யூரின் டெஸ்ட் எடுங்கள். மிச்சம் நிற்கிறதா என்று ஸ்கேனில் பார்த்துவிடலாம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். வயிற்று வலியைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். ஆபரேஷனுக்குப் பிறகு உள்ளே திசுக்கள், ஈரத்தோடு மடித்து வைத்த துணி மாதிரி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது உண்டு, சிலருக்கு இழுப்பும் வலியும் அதனால்தான். மலச்சிக்கல் சிறுநீர்ப்பையையும் அழுத்தும், அதனால் கீரை, பழம், நடை மூன்றையும் விடாதீர்கள், முக்காதீர்கள்.

கடைசியாக அவசரம் எது என்று சொல்லிவிடுகிறேன். குளிர்க்காய்ச்சலோடு எரிச்சல், சிறுநீரில் ரத்தம், முட்டுகிறது ஆனால் ஒரு சொட்டும் வரவில்லை, வயிறு உப்பி வாந்தி வந்து காற்றும் பிரியவில்லை என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இருமாமல் தும்மாமல், படுத்திருந்தாலும் நனைந்துகொண்டே இருந்தால், பையில் துளை விழுந்திருக்கலாம். அதற்குப் பயிற்சி உதவாது, ஆனால் பெரும்பாலும் ஆபரேஷனில் மூடிவிடலாம். இனி பிள்ளை பெறாதவர்களுக்கு எதற்கு டாக்டர் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். சரி, சிவப்பு விளக்கு எரிகிறது. வணக்கம்.