அந்தக் களத்தை அளந்து பார்ப்போம்

நடுவர் அவர்களே, தகடூர் மண்ணின் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். விளையாட்டு வீராங்கனையை ஒருத்தர் மதிக்கறதும் மட்டம் தட்டறதும் அவரவர் குணத்தாலயும் நியாய உணர்வாலயும்தான், ஊர் வழக்கத்தால இல்லை. இது எங்க அணி.

எதிரணி நண்பர் போற போக்குல ஒண்ணு சொன்னார், சபையும் சிரிச்சுது: "பொம்பளைங்க கபடிக்குக் களமே சின்னதுங்க, ஆட்டமும் அரை மணி நேரம்தான். கைதட்டலும் அந்த அளவுக்கு இருந்தா போதாதா?"

ஐயா, அந்தக் களத்தை அளந்தே பார்த்துடுவோம். ஆண்களுக்கு 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். பெண்களுக்கு 12-க்கு 8. இதுல ரெண்டு பக்கமும் ஒவ்வொரு மீட்டர் லாபி, அதாவது ஓரப் பட்டை. உடம்புல உடம்பு பட்ட பிறகுதான் லாபி திறக்கும், அதுக்கு முன்னாடி கால் வெச்சா அவுட். அப்போ லாபியைக் கழிங்க. பாடிப் போற பையனுக்கு எதிர்ப்பாதியில 52 சதுர மீட்டர். பொண்ணுக்கு 36. பிடிக்க நிக்கறது எத்தனை பேர்? அங்கேயும் ஏழு, இங்கேயும் ஏழு!

மறுபடியும் சொல்றேன், 36 சதுர மீட்டர்ல ஏழு பேர்! பாட்டு ரெண்டு பேருக்கும் அதே 30 விநாடி. மூலையில நிக்கறவ கணுக்காலைப் பிடிப்பா, அடுத்தவ இடுப்பைச் சுத்துவா, இவ மூச்சு விடாம விரலை மட்டும் மையக்கோட்டுக்கு நீட்டணும். திரும்பி வர்ற தூரம் அரை மீட்டர் குறைவு, ஒத்துக்கறேன். ஆனா வளைஞ்சு தப்பிக்க அகலத்துல ரெண்டு மீட்டர் போச்சேய்யா! நண்பர் கண்ணுக்குச் சின்னதாத் தெரிஞ்ச களம், உள்ளே போறவளுக்கு நெருக்கடி. களம் ஒண்ணுதான், பார்க்கற மனசுதான் வேற.

அமெரிக்க உளவியல் அறிஞர் லாரன்ஸ் கோல்பெர்க் நியாய உணர்வை மூணு நிலையாப் பிரிச்சார். தண்டனைக்குப் பயந்து நடக்கறது முதல் நிலை. நாலு பேர் மெச்சணும்னு நடக்கறது ரெண்டாவது. நாலு பேர் சொன்னாலும் இது நியாயமான்னு தானே யோசிக்கறது மூணாவது. "பொண்ணு ஷார்ட்ஸ் போட்டு ஆடினா நாலு பேர் என்ன சொல்லுவாங்க"ங்கறவர் ரெண்டாவது படியில நின்னுட்டார். தொண்டைமான்கிட்ட ஔவையைத் தூது அனுப்பினானே நம்ம அதியமான், அவன் நாலு பேரைக் கேட்டா அனுப்பினான்?

தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல சேலத்துல ஆரம்பிச்சு, 2001-ல நம்ம தர்மபுரிக்கு வந்துச்சு. பொறந்த பொண்ணைக் கொன்னுடாதீங்க, அரசாங்கத் தொட்டில்ல விட்டுடுங்கன்னு வந்துச்சு. ஏன்னு இந்தச் சபையில யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அன்னைக்குத் தொட்டில்ல கிடந்த குழந்தைக்கு இன்னைக்கு இருபத்தஞ்சை ஒட்டின வயசு. பாடிப் போற வயசுங்க. எந்த ஊர்க் களத்துல நிக்கறாளோ! அவ கோட்டைத் தொட்டுக் கும்பிட்டு உள்ளே போறப்ப, சின்னக் களம்னு சொல்லிடாதீங்க அம்மா. எழுந்து நின்னு தட்டுங்க. "பொழைச்சு வந்தியே கண்ணு"ன்னு அவ காதுல விழற மாதிரி தட்டுங்க!