ஒன்பது விநாடி மௌனம்

வணக்கம். ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். ஓர் அரசியல் ஆவணப்படம் பார்த்து அழுதிருக்கிறீர்கள். அந்தக் காட்சி அப்படி நடக்கவேயில்லை என்று பிறகு தெரியவருகிறது. அழுத அழுகையை என்ன செய்வீர்கள்?

(9 விநாடி மௌனம்)

சரி. இப்போது தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேனே, 'மனுஷன் ரொம்ப உருகிப் போயிட்டார்' என்று நினைத்திருப்பீர்கள். உருகவும் இல்லை, ஒன்றும் இல்லை. அரைமணி நேரத்துக்கு முன்னால் மைக் ஒயர் சட்டை பட்டனில் சிக்கிக்கொண்டது, அதை எடுத்துக்கொண்டிருந்தேன். கேமரா ஓடிக்கொண்டிருந்ததால் பதிவாகிவிட்டது. அந்தத் துண்டை இங்கே ஒட்டிவிட்டேன், அவ்வளவுதான்.

இது நானாகக் கண்டுபிடித்த வித்தை இல்லை. 2016-ல் அமெரிக்காவில் துப்பாக்கி வன்முறை பற்றி 'அண்டர் தி கன்' என்றொரு ஆவணப்படம் வந்தது. அதில் பேட்டி எடுப்பவர் கேட்டி கூரிக், அங்கே எல்லோருக்கும் தெரிந்த தொலைக்காட்சிப் பத்திரிகையாளர். வர்ஜீனியாவைச் சேர்ந்த துப்பாக்கி உரிமை ஆதரவாளர்கள் சிலர் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். துப்பாக்கி வாங்குபவரின் பின்னணியைச் சோதிப்பதே இல்லையென்றால் குற்றவாளிகளும் தீவிரவாதிகளும் துப்பாக்கி வாங்குவதை எப்படித் தடுப்பது என்று அவர் கேட்கிறார். யாரும் வாயே திறப்பதில்லை. ஏறத்தாழ ஒன்பது விநாடி. பதில் இல்லாமல் மாட்டிக்கொண்டார்கள் என்றுதான் பார்க்கிற எவருக்கும் தோன்றும்.

ஆனால் அந்தக் குழுவில் ஒருவர் தன் பங்குக்குத் தனியாக ஒலிப்பதிவு செய்து வைத்திருந்தார். அதைக் கேட்டால், கேள்வி முடிந்த உடனே பதில் வருகிறது. ஒருவர் மாற்றி ஒருவர் பேசுகிறார்கள். படத்தில் வந்த மௌனம், ஒலிக்கருவிகளைச் சரிபார்க்க வேண்டும் என்று சொல்லி அவர்களைச் சும்மா உட்காரவைத்தபோது எடுத்தது.

எடிட்டிங் மேசையில் உட்கார்ந்தவர்களுக்கு இந்த இடம் சுருக்கென்று குத்தும். படப்பிடிப்பில் எல்லோரையும் அரை நிமிடம் பேசாமல் இருக்கச் சொல்லி, அறையின் வெறும் சத்தத்தைப் பதிவு செய்வோம். ரூம் டோன் என்போம். இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே ஓட்டை தெரியாமல் ஒட்டுப்போட அது வேண்டும். அப்போது எல்லா முகங்களும் ஒரே மாதிரி வெறிச்சென்று இருக்கும். அந்த முகத்துக்கு முன்னால் என்ன கேள்வியை வைத்தாலும் 'ஐயோ, பிடிபட்டுவிட்டான்' என்ற முகமாகிவிடும்.

பார்வையாளர்கள் யோசிக்க ஓர் இடைவெளி கொடுத்தேன் என்று இயக்குநர் விளக்கம் சொன்னார். கூரிக் பொறுப்பேற்றுக்கொண்டார். அந்தக் குழு அவதூறு வழக்குப் போட்டது, நீதிமன்றத்தில் அது நிற்கவில்லை. ஆனால் என்ன பயன்? அதற்குப் பிறகு அந்தப் படத்தைப் பற்றி யார் பேசினாலும் துப்பாக்கியைப் பற்றிப் பேசவில்லை, ஒன்பது விநாடியைப் பற்றித்தான் பேசினார்கள். எனக்கு அந்தப் படம் நின்ற பக்கத்தின்மேல் அனுதாபம் உண்டு. அதனால்தான் எரிச்சல் கூடுதலாக வருகிறது.

உடனே 'ஆவணப்படத்தில் உணர்ச்சியே கூடாது, தரவை மட்டும் காட்டு' என்று சிலர் கிளம்புவார்கள். அவர்களோடும் எனக்கு ஒத்துவராது. பார்பரா காப்பிள் எடுத்த 'ஹார்லன் கவுண்டி யுஎஸ்ஏ' 1976-ல் வந்தது. கெண்டக்கி நிலக்கரித் தொழிலாளர்களின் வேலைநிறுத்தம். நடுநிலை என்ற பேச்சே இல்லை, படம் முழுக்கத் தொழிலாளர் பக்கம்தான். சுட்டுக் கொல்லப்பட்ட ஒரு தொழிலாளியின் தாய் சவப்பெட்டி அருகே உடைந்துபோகும் காட்சியை என்னால் இரண்டாவது முறை பார்க்க முடியவில்லை. அந்த அழுகையை யாரும் அங்கே ஒட்டவைக்கவில்லை.

இன்னும் ஒரு படி மேலே போகிறேன். எரால் மாரிஸ் 1988-ல் எடுத்த 'தி தின் ப்ளூ லைன்' படத்தில் பல காட்சிகள் அப்பட்டமான நடிப்பு. 1976-ல் டல்லஸில் ஒரு போலீஸ்காரர் கொல்லப்பட்டார். ராண்டல் ஆடம்ஸ் என்பவருக்கு மரண தண்டனை விதித்து, பிறகு ஆயுளாகக் குறைத்தார்கள். சாட்சிகள் ஆளுக்கொன்றாகச் சொன்னதை மாரிஸ் நடிகர்களை வைத்துத் திரும்பத் திரும்பப் படமாக்குகிறார். ஒரு மில்க் ஷேக் கோப்பை காற்றில் பறந்து விழுவது வரை ஸ்லோ மோஷனில் வரும், பின்னணியில் நெஞ்சைப் பிசையும் இசை. ஆனால் இது நடிப்பு என்று நமக்குத் தெரிகிறது. ஒரே கொலை வேறு வேறு மாதிரி நடக்கும்போதுதான் 'இதில் எவரோ பொய் சொல்கிறார்' என்று நமக்கு உறைக்கிறது. 1989-ல் ஆடம்ஸ் விடுதலையானார்.

ஆக, நடிப்பு எனக்குப் பிரச்சினை இல்லை, இசை இல்லை, பக்கச்சார்பும் இல்லை. எனக்குத் தெரியாமல் கடிகாரத்தில் கைவைப்பதுதான் பிரச்சினை. மைக்கேல் மூரின் முதல் படம் 'ரோஜர் அண்ட் மீ', 1989. ஃப்ளிண்ட் நகரத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆட்குறைப்பு செய்ததற்குப் பிறகு, ஊரைத் தூக்கி நிறுத்த ஆட்டோவேர்ல்ட் என்ற கேளிக்கைப் பூங்காவைத் திறந்ததுபோல் அதில் வரும். 1986-ல் அறிவித்த பெரிய ஆட்குறைப்புக்கு முன்பே அந்தப் பூங்கா திறந்து, ஓடாமல் மூடியும் போயிருந்தது. கதைக்கு அந்த வரிசை வசதியாக இல்லை, மாற்றிவிட்டார். பிபிசியின் பனோரமா நிகழ்ச்சியில், அமெரிக்க நாடாளுமன்றம் தாக்கப்பட்ட 2021 ஜனவரி 6 அன்று டிரம்ப் பேசிய பேச்சுக்கும் இதுதான் நடந்தது. ஐம்பது நிமிடத்துக்கு மேல் இடைவெளி விட்டுப் பேசிய இரண்டு துண்டுகள் ஒரே மூச்சில் பேசியதுபோல் வந்தன. வார்த்தைகள் எல்லாம் அவருடையவைதான். 2025 நவம்பரில் பிபிசியின் தலைமை இயக்குநரே பதவி விலக வேண்டியதாயிற்று.

'ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம்' என்பார்கள். நல்ல காரியத்துக்கு ஒரு சின்ன வெட்டு, யாருக்கு நஷ்டம்? நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்புறம் அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

என் சேனலின் முதல் வருடத்தில், உதவித்தொகை நின்றுபோன ஒரு பெண்மணியைப் பற்றி ஒரு படம் போட்டேன். அவர் அழுதுகொண்டே பேசுவார். உடனே கட். எதிரே ஓர் அதிகாரி, அலுப்போடு கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். கீழே கமெண்டில் எல்லாம் அந்தக் கடிகாரம்தான். 'கல்நெஞ்சக்காரன்' என்று எழுதியவர்களுக்கு நான் லைக் போட்டேன். அவர்கள் இருவரையும் வேறு வேறு நாளில் எடுத்தேன். அந்தப் பெண்மணி அழுததை அதிகாரி பார்க்கவே இல்லை.

அதை நீக்கிவிட்டேன். ஆனால் அந்த ஃபுட்டேஜ் இன்னும் ஹார்டு டிஸ்க்கில் இருக்கிறது, அந்த அதிகாரியின் முகத்தை மறைத்துவிட்டு இப்போது வெட்டாமல் ஓடவிடுகிறேன். ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். அவர் கையைத் திருப்புவதற்கு ஒரு நொடி முன்னால், கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் 'சார், மணி என்ன ஆச்சு?' என்று கேட்கும். அது என் குரல்.