சுற்றிலும் கொத்தி எருப்போடுவேன்

(ஒரு கிராமத் திருச்சபையின் அறுப்பின் பண்டிகை மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

கர்த்தருக்குள் அன்பான சபையார் அனைவருக்கும் என் ஸ்தோத்திரம்.

காலை ஆராதனையில் நீங்கள் கொண்டுவந்து படைத்தவற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வாழைத்தார், பூசணி, முருங்கைக்காய்க் கட்டு, ஓலைக்கொட்டானில் கருப்பட்டி, காலைக் கட்டிய சேவல், ஒரு பாட்டி முந்தானையில் பொதிந்து கொண்டுவந்த நான்கு முட்டைகள். ஆராதனை முடிந்து முற்றத்தில் ஏலம் தொடங்கியபோது எத்தனை குதூகலம்! ஒரு தம்பி சந்தை விலைக்குப் பல மடங்கு கொடுத்து ஒரு தேங்காய்க் குலையை எடுத்தார். எடுத்த கையோடு அதையே மறுபடியும் ஏலத்துக்குக் கொடுத்துவிட்டார். நம்முடைய திருநெல்வேலி, தூத்துக்குடிச் சீமையின் சபைகளுக்கே உரிய அழகு இது. விளைந்ததில் முதலானதைக் கர்த்தருக்கு என்று எடுத்து வைக்கிற மனது இன்னும் நம்மிடம் இருக்கிறது. அதற்காக ஆண்டவரைத் துதிக்கிறேன்.

ஆனால் அந்த ஏலத்தின் நடுவில் என் நினைவு வேறு ஒரு மரத்தின்மேல் போய்விட்டது. காலையில் பஸ்ஸிலிருந்து இறங்கி ஆலயத்துக்கு நடந்து வரும்போது, ஒரு வீட்டு வாசலில் மாமரம் ஒன்றைப் பார்த்தேன். நல்ல கருகருவென்று இலை. அடிமரத்தில் ஒரு கயிறு கட்டி, பிய்ந்துபோன செருப்பு ஒன்றும் தேய்ந்த விளக்குமாறு ஒன்றும் தொங்கவிடப்பட்டிருந்தன. எதற்கு என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. காய்க்காத மரத்துக்கு ரோஷம் வர வேண்டும் என்று நம் ஊரில் செய்கிற காரியம் அது. அப்படிக் கட்டிய வருஷமே காய்த்தது என்று சொல்லுகிறவர்களும் உண்டு. அவர்களோடு வாதாட நான் வரவில்லை. ஆண்டவர் காய்க்காத ஒரு மரத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார். அவருடைய கதையில் வருகிற தோட்டக்காரன் என்ன செய்தான் என்பதைத்தான் இந்த மாலையில் பேச விரும்புகிறேன்.

லூக்கா சுவிசேஷம் 13ஆம் அதிகாரம். ஒருவன் தன் திராட்சத்தோட்டத்தில் ஒரு அத்திமரத்தை நட்டிருந்தான். மூன்று வருஷம் கனியைத் தேடி வந்தான், ஒன்றும் இல்லை. “இதை வெட்டிப்போடு, இது நிலத்தையும் ஏன் கெடுக்கிறது” என்றான்.

இங்கே ஒரு சிறு செய்தி. அத்தி என்றதும் நமக்கு நினைவு வருவது ஆற்றங்கரையில் நிற்கும் நம் ஊர் நாட்டு அத்தி. அது அடிமரத்திலேயே கொத்துக்கொத்தாகக் காய்க்கும். தெருவில் போகிறவன் கண்ணுக்கே தெரியும். பாலஸ்தீனத்து அத்தி அப்படியல்ல. நாம் சீமை அத்தி என்று சொல்லுகிற வகை அது. காய் இலைக்காம்பின் இடுக்கில், இலையின் நிறத்திலேயே இருக்கும். கிட்டே போய் இலையை விலக்கித்தான் பார்க்க வேண்டும். “கனியைத் தேடிவருகிறேன்” என்று அந்தச் சொந்தக்காரன் சொல்லுகிற வார்த்தை அதனால் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அவனாவது வந்து தேடினான். நாம் எத்தனை பேரைத் தெருவில் நின்றபடியே பார்த்து, இவனிடம் ஒன்றும் இல்லை என்று எழுதிவிடுகிறோம்!

தோட்டக்காரன் சொல்லுகிறான்: “ஐயா, இது இந்த வருஷமும் இருக்கட்டும், நான் இதைச் சுற்றிலுங் கொத்தி, எருப்போடுவேன்.” இந்த ஒரு வசனத்தைவிட்டு என்னால் இன்றைக்கு நகர முடியாது.

என் தகப்பனார் வைத்துவிட்டுப் போன தென்னைகள் சில எங்கள் கிணற்றடியில் நிற்கின்றன. 2016ஆம் வருஷம் வடகிழக்குப் பருவமழை எப்படிப் பொய்த்தது என்பது இங்கே இருக்கிற ஒவ்வொரு விவசாயிக்கும் தெரியும். கிணறு வறண்டது. எப்படியோ மரங்கள் தப்பின. பிறகு மழை பெய்தது, கிணற்றில் தண்ணீர் ஊறியது, இனிக் காய்க்கும் என்று எண்ணினேன். காய்க்கவில்லை. 2018இல் மூன்று மரங்களில் பாளை சிறுத்து, விட்ட குரும்பையும் கொட்டிப்போனது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. தண்ணீர் இல்லாதபோது காய்க்கவில்லை என்றால் நியாயம். தண்ணீர் பாய்ச்சியும் காய்க்காத மரம் எதற்கு? மரம் வெட்டுகிறவரை வரச்சொல்லி விலையும் பேசிவிட்டேன்.

எங்கள் தோட்டத்தில் வெகு காலமாக வேலை செய்த பெரியவர் ஒருவர் அப்போது சொன்னார்: “சார்வாள், இது இன்றைக்கு நீங்கள் விடுகிற தண்ணீருக்குப் பதில் இல்லை. அன்றைக்குப் பட்ட தாகத்தை இப்போது காட்டுகிறது. பொறுங்கள்.”

நான் 31 வருஷம் பள்ளிக்கூடத்தில் அறிவியல் கற்பித்தவன். அவர் சொன்னது புத்தகத்திலும் இருக்கிறது. தென்னையில் ஒரு பாளை வெளியே வந்து விரிவதற்கு ஏறக்குறைய 32 மாதங்களுக்கு முன்பே அதன் கரு குருத்துக்குள்ளே உண்டாகத் தொடங்கிவிடுகிறது. விரிந்த பிறகு காய் முற்ற இன்னும் 12 மாதம். நீங்கள் இன்று பறிக்கிற தேங்காயின் தொடக்கம் மூன்றரை வருஷத்துக்கும் முன்னால் நடந்தது. அந்தத் தொடக்க நாட்களில் மரம் வாடினால், அந்த வாட்டம் பின்னால், எல்லாரும் மறந்த பிறகு தெரியவரும். படித்துத் தெரிந்த எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. மரத்தோடு வாழ்ந்த அவருக்குத் தெரிந்திருந்தது.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மரத்தை நினைத்து அல்ல, ஒரு பையனை நினைத்து.

பல வருஷங்களுக்கு முன்னால் ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். முதல் மணி அடித்து அரை மணி நேரத்துக்குள் தூங்கிவிடுவான். வீட்டுப்பாடம் ஒருநாளும் செய்ததில்லை. நான் அவனை மக்கு என்று கூப்பிட்டேன். நான் கூப்பிட்டதைக் கேட்டு வகுப்பு முழுவதும் கூப்பிட்டது. வருஷம் முழுக்க அவன் அந்தப் பெயரோடுதான் நடந்தான். இன்று காலை அந்த மாமரத்தில் தொங்கிய செருப்பைப் பார்த்தபோது அந்தப் பையனின் முகம்தான் எனக்குத் தெரிந்தது.

அவனுடைய தாயார் அவன் ஏழாம் வகுப்பு படிக்கும்போதே இறந்துபோயிருந்தார். விடியுமுன் எழுந்து சோறு வடித்து, தம்பி தங்கையைக் குளிப்பாட்டி, பள்ளிக்கு அனுப்பிவிட்டுத்தான் அவன் வருவான். ஏழாம் வகுப்பில் பட்ட தாகம் ஒன்பதாம் வகுப்பில் தெரிந்தது. இதையெல்லாம் கண்டுபிடித்தது நான் அல்ல, கணக்கு டீச்சர். அவர் அவன் வீட்டுக்குப் போனார். தங்கையை ஒரு விடுதியில் சேர்க்க ஏற்பாடு செய்தார். காலையில் தன் வீட்டிலிருந்து இன்னொரு பொட்டலம் இட்லி கட்டிக்கொண்டு வந்தார். “நன்றாகப் படி” என்று அவர் அவனிடம் ஒருமுறையாவது சொன்னதாக எனக்கு நினைவில்லை. அவன் பத்தாம் வகுப்பு தேறினான். இன்று டிராக்டர் பழுதுபார்க்கும் வேலை செய்கிறார்; தங்கையைப் படிக்கவைத்தவர் அவரே. தென்னை விஷயம் நடந்த மறுவாரம் அவருடைய பட்டறைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். “பழையதை விடுங்கள், சார்” என்று சொல்லிவிட்டு, எனக்கு டீ வாங்கிவர ஆள் அனுப்பினார்.

இப்போது அந்த வசனத்துக்குத் திரும்புகிறேன். “இதைச் சுற்றிலும்” என்று இருக்கிறது. தென்னைக்கு எரு வைக்கிறவர்களுக்கு இந்த வார்த்தையின் அருமை தெரியும். தூருக்கு மேலேயே எருவைக் கொட்டுகிறவன் விவரம் தெரியாதவன். மரத்திலிருந்து 1.8 மீட்டர் வரை வட்டப்பாத்தி எடுத்து, அந்த வட்டத்துக்குள் பரப்பிக் கொத்திவிட வேண்டும். உணவை உறிஞ்சுகிற வேர் அங்கே பரவியிருக்கிறது. வளர்ந்த ஒரு மரத்துக்கு வருஷத்துக்கு 50 கிலோ தொழு உரம் என்று விவசாயத் துறையினர் சொல்லுகிறார்கள். கூடையில் சுமந்து பாருங்கள், எத்தனை நடை என்று தெரியும்.

நாம் ஒரு மனிதனைத் திருத்தப் போகும்போது நேரே தூரில்தான் கொட்டுகிறோம். குடிக்கிறவனிடம் போய்க் குடிக்காதே என்கிறோம். ஆலயத்துக்கு வராதவனிடம் ஏன் வரவில்லை என்கிறோம். அவனைச் சுற்றி என்ன இருக்கிறது? அவன் வீட்டில் அடுப்பு எரிகிறதா, வட்டிக்காரன் எத்தனை மணிக்கு வந்து கதவைத் தட்டுகிறான், வாரம் முழுவதும் அவனோடு யார் பேசுகிறார்கள்? அந்த வட்டத்தைக் கொத்த முதுகு வளைய வேண்டும். கணக்கு டீச்சர் அதைத்தான் செய்தார். அவர் சுற்றிலும் கொத்தினார்.

தோட்டக்காரனின் ஜெபத்தையும் கவனியுங்கள். “இருக்கட்டும்” என்று வேண்டுகிற அதே மூச்சில் “நான் கொத்துவேன்” என்கிறான். மன்றாட்டும் மண்வெட்டியும் ஒரே வாயிலிருந்து வருகின்றன. நாம் ஜெபக் குறிப்புகளில் பெயர்களை எழுதிக் கொடுத்துவிட்டுக் கையைக் கழுவிவிடுகிறோமே, அது எனக்கு மிகுந்த துக்கம். என் தாயார் அரிசி களைந்த தண்ணீரை ஒருநாளும் சாக்கடையில் ஊற்றியதில்லை. புறவாசல் கறிவேப்பிலைக்குக் கொண்டுபோய் ஊற்றுவார். ஊற்றும்போது எங்கள் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி ஆண்டவரிடம் பேசுவார். வேலையும் ஜெபமும் அவருக்கு இரண்டாக இருந்ததில்லை.

எரு பற்றியும் ஒரு வார்த்தை. எரு மக்கியிருக்க வேண்டும். பச்சைச் சாணத்தைக் குவித்தால் சூடு வேரைக் கருக்கும். போதாக்குறைக்குத் தென்னையின் குருத்தைத் துளைக்கிற காண்டாமிருக வண்டு எருக்குழியில்தான் முட்டையிட்டுப் பெருகுகிறது. நம்முடைய வேதனைகளும் அனுபவங்களும் பிறருக்கு எருவாகலாம், ஆனால் ஆண்டவருடைய சமுகத்தில் அவை மக்கிய பிறகே. ஆறாத கோபத்தோடு கொடுக்கிற புத்திமதியால் எத்தனை பிள்ளைகள் கருகியிருக்கிறார்கள் என்று ஒரு வாத்தியாராகப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றைச் சொல்லாமல் போக மாட்டேன். காய்க்காத மரம் என்ற சொல்லை நம் தெருக்களில் பிள்ளையில்லாத பெண்களைப் பார்த்துச் சொல்லுகிறார்கள். சபைக்கு உள்ளேயும் சொல்லுகிறார்கள். வளைகாப்புக்கும் கல்யாணத்துக்கும் கூப்பிடாமல் இருப்பதும் அப்படிச் சொல்லுவதுதான். இந்த உவமையை அந்தச் சகோதரிகள்மேல் எறிய யாருக்கும் உரிமை இல்லை. வேதம் ஆவியின் கனி என்று அன்பையும் சந்தோஷத்தையும் சமாதானத்தையும் நீடிய பொறுமையையும் எண்ணுகிறது. பெற்றெடுக்கிற பிள்ளைகளை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. இட்லி கட்டிக்கொண்டு வந்த கணக்கு டீச்சருக்குப் பிள்ளைகள் இல்லை.

கோடரி இருக்கிறதா என்று கேட்பீர்கள். இருக்கிறது. “கொடாவிட்டால், இனிமேல் இதை வெட்டிப்போடலாம்” என்று தோட்டக்காரனே சொல்லுகிறான்; நான் அதை மறைக்க மாட்டேன். என் மூன்று தென்னைகளில் இரண்டு தேறின. ஒன்று தேறவில்லை, வெட்டினோம். ஆனால் ஆண்டவர் இந்த உவமையை எப்போது சொன்னார் என்று பாருங்கள். சீலோவாமிலே கோபுரம் விழுந்து 18 பேர் செத்துப்போனார்கள். அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகளோ என்ற பேச்சு நடந்த இடத்தில் சொல்லுகிறார். அடுத்தவனுடைய பாவத்தை அளந்துகொண்டிருந்தவர்களிடம், மனந்திரும்ப வேண்டியது நீங்கள் என்று சொல்லிவிட்டு இந்த மரத்தைக் காட்டுகிறார். ஆகவே நான் முதலில் அந்த அத்திமரம். என்னைச் சுற்றிலும் ஒருவர் கொத்திக்கொண்டிருக்கிறார். எனக்கு இந்த வருஷத்தை வாங்கித் தந்தவர் அவர். அப்படி வாங்கித் தரப்பட்ட வருஷத்தில் நின்றுகொண்டு இன்னொரு மரத்தைப் பார்த்து வெட்டு என்று நான் எப்படிச் சொல்லுவேன்?

அந்த அத்திமரம் அடுத்த வருஷம் காய்த்ததா? ஆண்டவர் சொல்லவில்லை. கதை எருப்போடுகிற இடத்திலேயே நின்றுவிடுகிறது.

மாமரத்து வீட்டுக்காரர் இந்தக் கூட்டத்தில் இருக்கிறாரா, தெரியாது. இருந்தால் என்மேல் வருத்தப்பட வேண்டாம், ஐயா. மதியம் உங்கள் பக்கத்து வீட்டாரிடம் விசாரித்தேன். அது கொட்டை போட்டு முளைத்த மரம், ஆறாவது வருஷம் என்றார்கள். அவர்கள் வீட்டில் நிற்பது ஒட்டு மரம்; அது மூன்று நான்கு வருஷத்தில் காய்க்கும். கொட்டை மரம் அப்படியல்ல, இன்னும் சில வருஷம்கூட எடுக்கும். இரண்டையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்க்காதீர்கள். ஊருக்குத் திரும்ப எனக்கு நாளை காலை பத்து மணிக்குத்தான் பஸ். ஆறு மணிக்கெல்லாம் உங்கள் வாசலுக்கு வருகிறேன். அந்தக் கயிற்றை நீங்களே அவிழ்த்துவிடுங்கள். மண்வெட்டி ஒன்று மட்டும் எடுத்து வையுங்கள். வாலிபர் சங்கத்துத் தம்பிகள் இரண்டு பேர் எரு சுமந்து வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.