கோடியக்கரைக்கு எந்த மாதம் போவது? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

"கார்த்திகையில் குடும்பத்தோடு கோடியக்கரை போனோம், ஒரு பூநாரைகூட (ஃபிளமிங்கோ) கண்ணில் படவில்லை, எந்த மாதம் போனால் நிச்சயம் பார்க்கலாம் சார்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மூன்று நாளாக மண்டையைக் குடைகிறது இந்தக் கேள்வி. என்னைத் தொடர்ந்து படிக்கிற பழைய ஆட்களுக்கு நான் என்ன சொல்லப் போகிறேன் என்று தெரியும்: காலண்டரைப் பார்க்காதீர்கள், தண்ணீரைப் பாருங்கள்.

அக்டோபரிலிருந்து மார்ச் வரை வலசைப் பறவைகள் இருக்கும், அது சரி. ஆனால் கார்த்திகை மழையில் கோடியக்கரையை ஒட்டிய வேதாரண்யம் சதுப்பு நிரம்பிவிட்டால் என்ன ஆகும்? கொசு உள்ளான் என்கிற சின்னஞ்சிறு கரைப்பறவையின் கால் உங்கள் சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது, முழங்கால் தண்ணீரில் அது எங்கே நின்று மேயும்? பூநாரைக்குக் கால் நீளம்தான், ஆனாலும் தலையைக் கவிழ்த்து அலகால் சேற்றை அலசித் தின்கிற பறவை, ஆழம் கூடினால் அதுவும் இடம் மாறிவிடும்.

ஒரு தடவை நானே இப்படி மழைக்குப் பின்னால் போய் பைனாகுலரும் கையுமாக வெறுமனே நின்றேன். உப்பளத்தில் வேலை செய்கிற ஒரு பெரியவர், "இப்ப வந்து என்னத்தப் பாப்பீங்க தம்பி, தண்ணி வடியட்டும், தையில வாங்க" என்றார். தையில் போனேன். சேற்றில் யாரோ கூழாங்கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது ஒரு பருந்தின் நிழல் விழுந்தது, கல் அத்தனையும் எழுந்து பறந்துவிட்டது. எல்லாம் உள்ளான்! தண்ணீர், தண்ணீர், அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

அப்புறம், எல்லோரும் ஏன் பூநாரையையே கேட்கிறீர்கள்? கொசு உள்ளானின் எடை ஏறக்குறைய 25 கிராம். ஆர்க்டிக் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வந்து ஓயாமல் சேற்றைக் குத்திக்கொண்டே இருக்கிறதே, ஏன் என்று ஒருவராவது கேட்டீர்களா? திரும்பிப் போகிற பயணத்துக்கு உடம்பில் கொழுப்புச் சேர்க்க வேண்டும். நாம் போட்டோவுக்காகக் கிட்டப் போய் எழுப்பிவிட்டால் சேர்த்ததில் கொஞ்சம் கரைந்துபோகும், அதனால் கரையிலேயே உட்காருங்கள்.

ஏப்ரலில் வெயில் மண்டையைப் பிளக்கும், இருந்தாலும் ஒரு தடவை போனேன். குளிர்காலம் முழுக்கச் சாம்பலாகத் திரிந்த, மூக்கு நுனி வளைந்த இன்னொரு வகை உள்ளான் செங்கல் நிறத்துக்கு மாறிக் கிளம்பத் தயாராக நின்றது. அன்றைக்குப் பூநாரை இருந்ததா என்றால், நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.