மண்ணுக்குள் நடந்த கூட்டம்

வணக்கம். பச்சைக்கல் என்றதும் நம் மனசு மோதிரத்து மரகதத்துக்குப் போய்விடும். இன்றைக்கு நான் பேச வந்தது வேறு கல். ஜேட். மெக்சிகோ, குவாத்தமாலா பக்கத்துப் பழைய நாகரிகங்களில் தங்கத்தைவிட அதற்குத்தான் மவுசு. 1520ல் அஸ்டெக் தலைநகரிலிருந்து ஸ்பானியப் படை இரவோடு இரவாகத் தப்பி ஓடியது. பலரும் தங்கத்தை அள்ளித் திணித்துக்கொள்ள, பெர்னால் டியாஸ் என்ற சிப்பாய் நாலே நாலு பச்சைக்கற்களை எடுத்துக்கொண்டார். பிற்பாடு காயத்துக்கு மருந்து வாங்கவும் வயிற்றுப்பாட்டுக்கும் அவைதான் உதவின. விவரமான ஆள்!

அந்த மதிப்பு நிறத்தில் இருந்தது. மக்காச்சோளத்தின் இளந்தளிர், நீர், கெட்சால் பறவையின் வால் சிறகு, எல்லாம் அவர்களுக்கு அந்தப் பச்சைதான். மாயா மக்கள் இறந்தவர் வாயில் ஒரு ஜேட் மணியை வைத்தார்கள். மணிக்குள் மூச்சு தங்கும் என்பது நம்பிக்கை.

இவர்களுக்கெல்லாம் முன்னோடிகள் ஓல்மெக் மக்கள். கி.மு. 900 முதல் 400 வரை செழித்த அவர்களுடைய ஊர் லா வென்டா, மெக்சிகோவின் டபாஸ்கோ மாநிலத்தில். அங்கே 1955ல் தரைக்கடியில் ஒரு கூட்டமே அகப்பட்டது. சாண் உயரத்தில் 16 உருவங்கள், பின்னால் தூண்கள்போல் நட்டுவைத்த 6 கற்கோடரிகள். நீண்டு உயர்ந்த தலை, கீழ்நோக்கி வளைந்த உதடு, துளையிட்ட காது. பதினைந்து பேர் ஜேடிலும் செர்பென்டைன் கல்லிலும் செய்தவர்கள். ஒருவர் மட்டும் சொரசொரப்பான மட்டக் கல். அவர்தான் கோடரிகளுக்கு முதுகு காட்டி நிற்கிறார். மற்ற எல்லாருடைய பார்வையும் அவர்மேல். விசாரணையா, பட்டாபிஷேகமா? என்னைக் கேட்டால், அந்த மட்டக் கல்லைத் தெரிந்தேதான் எடுத்திருக்கிறார்கள்.

ஜேட் லேசில் மசியாது. இரும்பே இல்லாத காலம். கயிற்றில் மணலைச் சேர்த்து இழுத்து இழுத்தே அறுத்தார்கள். கல்லும் உள்ளூர்க் கல் இல்லை, குவாத்தமாலாவின் மோட்டகுவா ஆற்றுப் பள்ளத்தாக்கிலிருந்து வந்தது. இத்தனை பாடுபட்டுச் செதுக்கியதை யார் கண்ணிலும் படாமல் புதைத்தார்களே, அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

இன்னொன்று கேளுங்கள். புதைத்த இடத்துக்குமேல் வண்ணக் களிமண் தளங்கள் போட்டாயிற்று. வெகுகாலம் கழித்து யாரோ வந்து, குறி தப்பாமல் அதே இடத்தில் தளங்களை வெட்டி இறங்கியிருக்கிறார்கள். தலைகள் தெரிகிற அளவுக்கு மட்டும் தோண்டி, பார்த்து, ஒன்றையும் தொடாமல் மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள். எழுத்து இருந்ததோ, வாய்வழிச் செய்தியோ, இடம் மறக்கவில்லை.

இப்போது அவை மெக்சிகோ நகரத் தேசிய மானுடவியல் அருங்காட்சியகத்தில், கிடைத்த அதே வரிசையில் நிற்கின்றன. மட்டக் கல் மனிதர் இன்னும் கோடரிகளுக்கு முதுகு காட்டியபடிதான்.