சூரியன் குறுக்கே வந்த இரண்டு வாரம்

நேயர்களுக்கு வணக்கம்.

கொஞ்ச நாளாக ஒரு கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். செவ்வாய் கிரகத்தில் நடக்கிறது, கி.பி. 2400 வாக்கில் என்று வைத்துக்கொள்ளுங்கள். கதையில் முக்கியமானவர்கள் ஆறு பேர், ஆறு பேருமே சேசு சபை என்கிற கத்தோலிக்கத் துறவியர் சபையைச் சேர்ந்தவர்கள். "ராக்கெட்டில் சாமியாரா?" என்று வீட்டில் சிரித்தார்கள். எனக்கு அப்படியொன்றும் வேடிக்கையாகப் படவில்லை. நம் கடற்கரைச் சாலையில் சிலையாக நிற்கிறாரே வீரமாமுனிவர், அவரும் இத்தாலியிலிருந்து கப்பலேறி வந்த சேசு சபைக்காரர்தான். ரோமுக்கு அவர் ஒரு கடிதம் போட்டால், பதில் வந்து சேர வருடக்கணக்கில் ஆகும். செவ்வாயிலிருந்து பேசினால் குரல் பூமிக்கு வர, தூரத்தைப் பொறுத்து 3 முதல் 22 நிமிடம். அந்த வகையில் என் ஆறு பேரும் கொடுத்து வைத்தவர்கள்.

எழுத உட்கார்ந்தபோது ராக்கெட் தொல்லை கொடுக்கவில்லை, சமையலறைதான் கொடுத்தது. திருப்பலிக்குக் கோதுமை அப்பமும் திராட்சை இரசமும் வேண்டும். அரிசி மாவைத் திருச்சபைச் சட்டம் ஒப்புக்கொள்ளாது. ஆகவே மண்ணுக்கடியில், விளக்கு வெளிச்சத்தில், ஒரு பாத்தி கோதுமை, ஒரு திராட்சைக்கொடி. வயதான சகோதரர் ஒருவர் மாவைச் சலித்து, புளிப்புச் சேர்க்காமல் வெறும் தண்ணீரில் கரைத்து, காய்ந்த இரண்டு இரும்புத் தட்டுகளுக்கு நடுவே ஊற்றி அழுத்துகிறார். வட்டம் வட்டமாக வெட்டியபின் மிஞ்சும் ஓரத்துண்டுகளுக்குக் குழந்தைகள் கையேந்தி நிற்கின்றன. கோயில் வீதியில் வளர்ந்தவர்களுக்கு அந்த மொறுமொறுப்பு தெரியும்.

அடுத்தது ஈஸ்டர். மார்ச் மாதத்தில் பகலும் இரவும் சமமாகும் சமஇரவு நாளை ஒட்டி வரும் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறு என்பது கணக்கு. செவ்வாய்க்கோ நிலா இரண்டு. அதில் ஃபோபாஸ் ஏழரை மணி நேரத்துக்குச் சற்று மேலே ஒரு சுற்று முடித்துவிடும், மேற்கே உதித்துக் கிழக்கே மறையும். எந்த நிலாவை வைத்துப் பண்டிகை கொண்டாடுவது? ஆறு பேரும் இதற்காக ஒரு அத்தியாயம் முழுக்கச் சண்டை போடுகிறார்கள். கடைசியில் பூமியின் நாட்காட்டிதான் ஜெயிக்கிறது.

சரி, கதையின் முடிச்சுக்கு வருகிறேன். அதை நான் கற்பனை செய்யவில்லை, வரலாற்றிலிருந்து கடன் வாங்கினேன். 1540-இல் அங்கீகாரம் பெற்ற இந்தச் சபையை 1773-இல் ஒரு போப்பாண்டவரே கலைத்துவிட்டார். பதினான்காம் கிளமெண்ட். ஐரோப்பிய மன்னர்களின் நெருக்கடி அப்படி. ஆனால் அந்த ஆணை ஓரிடத்தில் அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்டால்தான் அங்கே செல்லும். ரஷ்ய அரசி இரண்டாம் கேத்தரின் அறிவிக்கவே விடவில்லை. அவர் கத்தோலிக்கரும் இல்லை; சேசு சபையினர் நடத்திய பள்ளிக்கூடங்கள் அவருக்குத் தேவைப்பட்டன, அவ்வளவுதான். 1814-இல் சபை மீண்டும் உயிர்பெறும்வரை அங்கே அது நூலிழையில் தொங்கிக்கொண்டிருந்தது. போப்புக்குக் கீழ்ப்படிவதையே தனி வாக்குறுதியாகக் கொண்டவர்கள், ஆணை படிக்கப்படாததால் பிழைத்தார்கள்! இதை முதலில் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நடந்துவிட்டு வந்தேன்.

என் கதையிலும் கலைப்பு ஆணை வருகிறது. ஏறக்குறைய 26 மாதத்துக்கு ஒருமுறை பூமிக்கும் செவ்வாய்க்கும் நடுவே சூரியன் வந்துவிடும். இரண்டு வாரம்போலத் தகவல் போக்குவரத்து முடங்கும். அதற்கு முந்தின இரவு, ஆணையைச் சுமந்த செய்தி, குடியிருப்பின் அதிகாரி மேசைக்கு வந்து சேர்கிறது. பாதிரிகள் நடத்தும் பள்ளிக்கூடம் ஒன்றுதான் அங்கே இருக்கிறது. அவர் செய்தியைத் திறக்கவில்லை.

ஆறு பேரையும் உத்தமர்களாக எழுதவும் எனக்கு மனம் வரவில்லை. மதுரைக்கு வந்த தத்துவ போதகர், அதாவது இத்தாலியச் சேசு சபைத் துறவி ராபர்ட் தெ நொபிலி, காவி உடுத்தார், மரக்கறி உண்டார், தமிழும் சமஸ்கிருதமும் கற்றார். கூடவே இங்கிருந்த சாதிப் பிரிவினைக்கும் இடம் கொடுத்தார். செவ்வாயிலும் நல்ல காற்று மேல்தளத்துக்காரர்களுக்குத்தான். துறவிகள் மேல்தளத்தில் குடியிருந்துகொண்டு கீழ்த்தளத்தில் பாடம் நடத்துகிறார்கள். அதிகாரிக்கும் அவர்களுக்கும் உள்ள சிநேகம் அந்த மேல்தளத்தில் தொடங்கியதுதான்.

இப்போது தகவல் முடங்கிய ஒன்பதாவது நாள் வரை எழுதியிருக்கிறேன். செய்தி வந்திருப்பது சகோதரருக்கு மட்டும் தெரிந்துவிட்டது. மற்றவர்களிடம் சொல்லவில்லை. காலையில் எழுந்து, வழக்கம்போல மாவு சலிக்கிறார்.

வணக்கம்.